போருக்கு எதிராக விழுந்த ஒரே வாக்கு

1941 டிசம்பர் 8. பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்ட மறுநாள். ஜப்பான் மீது போர் அறிவிக்க அமெரிக்க மக்களவையில் 388 பேர் ஆதரவளித்தனர். எதிர்த்தவர் ஒருவரே: மொந்தானா மாநில உறுப்பினர் ஜெனெட் ரேங்கின்.

பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடிய இவர், 1916இல் அமெரிக்க காங்கிரசுக்குத் தேர்வான முதல் பெண். 1917இல் முதல் உலகப் போரில் அமெரிக்கா இறங்குவதை எதிர்த்தபோது இவருடன் 49 பேர் நின்றனர். 1941இல் யாருமில்லை. பெண்ணான தாம் போர்முனைக்குப் போக முடியாதபோது, பிறரை அனுப்பவும் சம்மதிக்க முடியாது என்றார். கொதித்தெழுந்த கூட்டத்திடமிருந்து தப்ப, தொலைபேசிக் கூண்டுக்குள் புகுந்துகொள்ள நேர்ந்தது.

அடுத்த தேர்தலில் அவர் போட்டியிடவில்லை. ஆனாலும் ஓயவில்லை. காந்தியின் அறவழியை அறிய பலமுறை இந்தியா சென்றார். 1968இல், தமது 87ஆவது வயதில், வியட்நாம் போரை எதிர்த்து வாஷிங்டனில் ஆயிரக்கணக்கான பெண்களுடன் முன்வரிசையில் நடந்தார்.