பின் பொருந்தினால் போதுமா?

கோவில்பட்டியிலும் சுற்றியுள்ள கரிசல் ஊர்களிலும் பல வீடுகளுக்கு முதல் லேப்டாப் வந்து சேர்ந்தது, 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில்தான். அக்கா படித்து முடித்த மெஷினில் தம்பி படிப்பான். அதற்குள் சார்ஜர் போய்விடும், பெரும்பாலும் பின்னுக்குப் பக்கத்தில் ஒயர் மடங்கி மடங்கி அறுந்து. உடனே பக்கத்து வீட்டு சார்ஜரை வாங்கிச் சொருகத் தோன்றும். அதற்கு முன் அதன் அடியில் இருக்கும் சீட்டைப் படியுங்கள்.

'இன்புட் 100–240 வோல்ட்' என்பது நம் வீட்டு 230 வோல்ட்டுக்கானது, அதை விட்டுவிடலாம். 'அவுட்புட்' வரிதான் விஷயம். லெனோவாவில் பெரும்பாலும் 20 வோல்ட், டெல், எச்.பி.யில் 19.5, ஏசரில் 19 என்று இருக்கும். ஏன் இந்த எண்கள்? லித்தியம் செல் ஒன்று முழுதாக ஏறும்போது 4.2 வோல்ட். நான்கைத் தொடராகக் கோத்தால் 16.8. வெளியிலிருந்து வருவது அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தால்தான் பேட்டரி ஏறும். போர்டில் உள்ள சார்ஜிங் சர்க்யூட் அதைக் குறைத்து, அளந்து உள்ளே விடுகிறது. அதனால் 19-க்கும் 19.5-க்கும் உள்ள வித்தியாசத்தைப் பெரும்பாலான மெஷின்கள் பொருட்படுத்துவதில்லை. இன்டர்நெட் ரூட்டரின் 12 வோல்ட் அடாப்டரில் பேட்டரி ஏறாது. தண்ணீர் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. மெஷினின் 24 வோல்ட் அடாப்டர்தான் ஆபத்து: பின் சேர்ந்துவிட்டால் போர்டே போகலாம்.

ஆம்பியர் கணக்கு வேறு. சார்ஜர் அதைத் திணிப்பதில்லை, லேப்டாப்தான் தேவைக்கு எடுத்துக்கொள்கிறது. கடையில் நூறு பாக்கெட் கடலைமிட்டாய் இருக்கிறதென்று நூறையுமா வாங்குகிறோம்? வோல்ட் ஒத்துப்போனால், 3.25 ஆம்பியர் கேட்கும் மெஷினுக்கு 4.5 ஆம்பியர் சார்ஜர் தாராளம். 2.25 என்றால் சார்ஜர் கொதிக்கும், அல்லது அடிக்கடி கட்டாகும்.

டெல்லில் இன்னொரு சிக்கல். பின்னின் நடுவில் உள்ள மெல்லிய ஊசி, சார்ஜர் எத்தனை வாட் என்பதை மெஷினுக்குத் தெரிவிக்கிறது. அது வளைந்தோ ஒடிந்தோ போனால் லேப்டாப் ஓடும், பேட்டரி ஏறாது. இதற்கு சார்ஜரை மாற்றாமல் பேட்டரியை மாற்றிக் காசை வீணாக்குபவர்கள் உண்டு.

டைப்-சி வந்தபின் இந்தக் கவலை குறைந்தது. முறையான டைப்-சி சார்ஜர் 5 வோல்ட்டில் தொடங்கி, லேப்டாப் கேட்டால் மட்டுமே 20-க்கு ஏறும்.

புதிது வாங்கப் போகும்போது பழைய சார்ஜரின் சீட்டைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்து அழிந்திருந்தால் லேப்டாப்பின் அடிப்புறத்தில் பாருங்கள். பி.ஐ.எஸ். பதிவு எண் இல்லாத அடாப்டர் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். இந்தியாவில் விற்க அந்தப் பதிவு கட்டாயம்.