மலிவு மாத்திரையின் மறைமுக விலை

ஒரு பொருளின் விலை வேறு, அதற்காக நாம் செலுத்தும் மொத்தச் செலவு வேறு. பொருளியல் மாணவர்களுக்கு நான் பல்லாண்டுகள் கற்பித்த இப்பாடம் மருந்துக்கும் பொருந்தும். பினோபார்பிட்டால் அதற்கு நல்ல சான்று.

பார்பிட்டுரேட் வகை மருந்துகள் 1903-இல் தூக்க மருந்தாகப் புழக்கத்துக்கு வந்தன. அவ்வகையைச் சேர்ந்த பினோபார்பிட்டால் வலிப்பையும் அடக்கும் என்பதை 1912-இல் ஜெர்மானிய மருத்துவர் ஆல்பிரட் ஹாப்ட்மான் கண்டறிந்தார். தூக்கத்துக்குப் பாதுகாப்பான மாற்றுகள் வந்துவிட்ட பின்னரும், வலிப்பு நோய்க்கான மலிவான மருந்தாக நமது தேசிய அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் அது நீடிக்கிறது. ஏழை நோயாளிக்கு அது வரமே.

அதே நோயாளிக்கு இதயத்துடிப்புச் சீர்கேடும் இருந்தால் கதை மாறுகிறது. 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' என்னும் கோளாறில் இதயத்தின் மேலறைகள் முறையாகச் சுருங்குவதில்லை. தேங்கும் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி மூளையை அடைந்தால் பக்கவாதம் வரும். இதைத் தடுக்கவே வார்ஃபரின், அசினோகுமரால் போன்ற மருந்துகள் தரப்படுகின்றன. ருமாட்டிக் காய்ச்சலால் இதய வால்வு பழுதுற்றோருக்கு இப்பழைய வகையே புதிய ரிவராக்ஸபானைவிடச் சிறந்தது என்பதை, 4,500-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2022-இல் வெளியான 'இன்விக்டஸ்' ஆய்வு காட்டியது.

பினோபார்பிட்டாலோ, இம்மருந்துகளைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகளைப் பெருக்குகிறது. எனவே உறைதடுப்பு மருந்தின் வீரியம் குறைகிறது. மருத்துவர் அளவைக் கூட்ட நேர்கிறது. பின்னர், வலிப்புதான் வரவில்லையே என்று நோயாளி தாமாகவே பினோபார்பிட்டாலை நிறுத்தினால், சில வாரங்களில் நொதிகள் பழைய நிலைக்குத் திரும்பும். கூட்டிய அளவு அப்போது மிகையாகி, ரத்தக்கசிவை உண்டாக்கும். உண்ட மாத்திரையன்று, நிறுத்திய மாத்திரை செய்யும் தீங்கு இது. 1960-களிலிருந்தே மருத்துவ உலகம் அறிந்த உண்மையுங்கூட.

இந்த ஏற்ற இறக்கத்தைக் காட்டிக்கொடுப்பது ஐ.என்.ஆர். என்னும் ரத்தப் பரிசோதனை. ஆனால் ஊத்துக்குளியிலிருந்து திருப்பூர் பனியன் கம்பெனிக்குச் சென்று பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் தொழிலாளிக்கு, ஒவ்வொரு பரிசோதனையும் கட்டணத்தோடு ஒரு ஷிப்டுக் கூலியையும் கேட்கிறது. மாத்திரையின் விலைச்சீட்டில் இந்தச் செலவு இடம்பெறுவதில்லை. அதைத் தாங்க இயலாதவர் பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறார்.

2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் ரத்த அழுத்த, நீரிழிவு மாத்திரைகளை வீட்டு வாசலுக்குக் கொண்டு சேர்க்கிறது. விரல்நுனிக் குருதியில் செய்யத்தக்க ஐ.என்.ஆர். பரிசோதனையையும் ஆரம்ப சுகாதார நிலையங்களில், வேலை நேரத்துக்கு அப்பாலும் கிடைக்கச் செய்யலாம். ஒரு பக்கவாதத்தால் குடும்பம் இழக்கும் வருவாயோடு ஒப்பிட்டால் இது சிறு செலவே.

நோயாளிகள் செய்ய வேண்டியதும் உண்டு. எந்த மருத்துவரிடம் சென்றாலும், உண்ணும் மாத்திரைகள் அனைத்தையும் காட்டுங்கள். பினோபார்பிட்டாலைத் திடீரென நிறுத்தினால் வலிப்பே கடுமையாகத் திரும்பக்கூடும். ஆகவே தொடங்குவதும் நிறுத்துவதும் மருத்துவர் சொற்படியே அமையட்டும்.