புதிய அரங்கில் பல்லிசை

மும்பை மாநகரில் இசைக்கென ஒரு புதிய அரங்கு திறக்கப்படும்போதெல்லாம் நம் சங்கத்து அன்பர்களிடையே இரண்டு வினாக்கள் தவறாமல் எழுகின்றன. அங்கே நம் கருநாடக இசைக்கு இடம் உண்டா என்பது ஒன்று. சீட்டு என்ன விலை என்பது மற்றொன்று. இரண்டும் வேண்டிய வினாக்களே. எனினும், குழந்தை குட்டிகளோடு ஒரு மாலைப் பொழுதையும் மாதச் சம்பளத்தில் ஒரு பகுதியையும் செலவிடப் போகும் குடும்பம் அவற்றுக்கு முன்பாகக் கேட்க வேண்டியது வேறொன்று உண்டு. அந்த அரங்கு எந்த ஒலிக்காகக் கட்டப்பட்டது? இதனை எண்ணாமல் சென்று, 'கச்சேரி சோபிக்கவில்லை' என்று முகம் சுளித்துத் திரும்பியவர்கள் நம்மிடையே பலர். பாவம், பாடகர் என்ன செய்வார்! குறை பல வேளைகளில் அறையினுடையதாக இருக்கிறது.

பாந்திரா-குர்லா வளாகத்தில் 2023 மார்ச்சு 31-ஆம் நாள் திறக்கப்பெற்ற நீதா முகேஷ் அம்பானி பண்பாட்டு மையத்தையே எடுத்துக் கொள்வோம். ஒரே கூரையின் கீழ் மூன்று அரங்குகள் அங்கு உள்ளன. பெரியதில் 2,000 பேர் அமரலாம். அடுத்ததில் 250 பேர். 'கியூப்' எனப்படும் சிறியதில் 125 பேர். பெரிய அரங்கின் விதானத்தில் 8,400 படிகங்கள் பதிக்கப்பட்டிருப்பதைக் கண்டு வந்தவர்கள் வியந்து பேசுகிறார்கள். கண்ணுக்கு விருந்துதான், செவிக்கு அவற்றால் யாதும் இல்லை. செவிக்குப் பயன்படுவது, மின்கருவிகளால் ஒலியைச் சூழவிட்டு, அரங்கின் முழக்கத்தையே மாற்றியமைக்கும் ஏற்பாடு. 2023 மே திங்களில் 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' என்னும் மேலைநாட்டு இசை நாடகமும், 2025-இல் 'தி ஃபாண்டம் ஆஃப் தி ஆபெரா'வும் இங்கு வந்தன. இத்தகைய நாடகங்களில் நடிகர் ஒவ்வொருவரும் உடலில் ஒலிவாங்கி அணிந்தே பாடுவர். அவற்றுக்கு இவ்வரங்கு மிகப் பொருந்தும். கசல், கவாலி, இந்துஸ்தானி ஆகியனவும் இங்கு நிகழ்கின்றன. இவற்றுள் ஒன்றைத் தேர்ந்து கொள்ள விரும்புவோர், அது மூன்றனுள் எவ்வரங்கில் நடைபெறுகிறது என்பதை முதலில் பார்த்துக் கொள்க.

அரங்கின் அளவு ஏன் இத்துணை முதன்மையானது என்பதற்குப் பழைய வரலாறு ஒன்று உண்டு. 1890-களில் அமெரிக்க நாட்டு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வாலஸ் சபைன் என்னும் இளம் ஆசிரியரிடம், விரிவுரை எதுவும் விளங்காத ஒரு கூடத்தைச் சீர்ப்படுத்தும் பணி ஒப்படைக்கப்பட்டது. அவர் இரவு நேரங்களில் பக்கத்து அரங்கின் நாற்காலி மெத்தைகளைச் சுமந்து வந்து அக்கூடத்தில் பரப்பினார். பின்னர் ஆர்கன் குழல் ஒன்றை ஒலிக்கச் செய்து நிறுத்தி, ஒலி மறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்தார். மெத்தை கூடக்கூட அந்நேரம் குறைந்தது. ஒலி தன் வலிமையில் பத்து இலட்சத்தில் ஒரு பங்காகக் குறைய ஆகும் இந்நேரத்தையே எதிர்முழக்க நேரம் என்கிறோம். அவருடைய கணக்கின்படி அமைந்த பாஸ்டன் நகரத்து சிம்பொனி மண்டபம் 1900-இல் திறக்கப்பட்டு இன்றும் புகழோடு விளங்குகின்றது.

எண்பது வயலின்களும் குழல்களும் ஒருங்கே முழங்கும் மேலை இசைக்கு ஏறத்தாழ இரண்டு வினாடி எதிர்முழக்கம் வேண்டும். அப்போதுதான் சுரங்கள் ஒன்றோடொன்று குழைந்து நிறைவு தரும். பேச்சுக்கோ ஒரு வினாடியே போதும். நம் மிருதங்கத்தின் விரைவுச் சொற்கட்டுகளை இரண்டு வினாடி முழங்கும் மண்டபத்தில் வாசித்துப் பாருங்கள்! ஒரு சொல் அடங்குமுன் அடுத்த சொல் அதன் மேல் ஏறிக் கொள்ளும். தனி ஆவர்த்தனம் வண்டிச் சக்கரம் பாலத்தில் உருளும் ஓசையாய் முடியும். வீணையின் கமகமோ இதற்கு நேர்மாறான துன்பத்துக்கு உள்ளாகிறது. விரல் தந்தியை இழுக்க, மீட்டிய ஒலி தேய்ந்து கொண்டே செல்லும் அந்த இழைவு நெடுந்தொலைவு செல்லாது. அதனைப் பெரிய மண்டபத்தின் கடைசி வரிசைக்குக் கொண்டு செல்ல ஒலிபெருக்கியின் திருகைக் கூட்டுகிறார்கள். வீணை உரத்து ஒலிக்கிறது, ஆனால் வீணையாக ஒலிப்பதில்லை. ஆகவே 250 பேர் அமரும் கூடத்தில் வீணை வாசிக்கப்படுவதாக அறிவிப்பு வருமாயின், ஏனைய செலவுகளைச் சுருக்கியேனும் அதற்குச் செல்லலாம் என்பது நம் கருத்து.

ஒலிபெருக்கியின்றி இந்திய இசை கேட்கப்பட வேண்டும் என்ற எண்ணத்தோடே இந்நகரில் ஓர் அரங்கு கட்டப்பட்டுள்ளது. அது நாரிமன் முனையில் தேசிய நிகழ்த்துகலை மையத்தின் டாட்டா அரங்கு. 1980-இல் திறக்கப்பட்ட இதனை வடிவமைத்தவர் பிலிப் ஜான்சன். ஒலி நுணுக்கங்களைக் கணித்தவர் சிரில் ஹாரிஸ். விசிறி விரித்தாற்போல் மேடையைச் சுற்றி ஏறத்தாழ ஆயிரம் இருக்கைகள். அதே மையத்தில் ஜாம்ஷெட் பாபா அரங்கும் உண்டு. அது கட்டி முடியும் தறுவாயில் 1997-இல் தீக்கிரையாகி, மீண்டும் எழுந்து 1999-இல் திறக்கப்பட்டது. 2006-இல் தோன்றிய இந்திய சிம்பொனி இசைக்குழு, மேலைச் செவ்வியல் இசையை ஒலிபெருக்கி இன்றி இங்கே வழங்கி வருகிறது. நம் வீட்டுப் பிள்ளைகள் கைபேசியிலும் கல்யாண மண்டபத்துப் பெட்டியிலும் அல்லாது வேறெங்கும் இசை கேட்டறியாதவர்கள். மரமும் நரம்பும் மூச்சும் எழுப்பும் ஒலி எவ்வித இடையீடும் இன்றித் தம் காதை எட்டும்போது அவர்கள் நிமிர்ந்து உட்காருவதை நாமே கண்டிருக்கிறோம். 'என் மகனுக்குச் சங்கீத ருசியே இல்லை' என்று வருந்தும் பெற்றோர், மூன்று மணி நேரக் கச்சேரிக்கு அவனை இழுத்துச் சென்று உறங்கவிடுவதற்கு முன், இதனைச் செய்து பார்க்கட்டும்.

வேற்றிசை கேட்பது நமக்கு ஒவ்வாத புதுவழக்கம் என்று கருதுவோரும் உளர். அவர்கள் சண்முகானந்த சபையை நினைவு கூர்க. 1952-இல் தோன்றிய அச்சபை, 1963-இல் கிங் சர்க்கிள் அருகே பெருமண்டபத்தை எழுப்பியது. சம்பளக்காரர்களான தென்னாட்டுக் குடும்பங்கள் தம் இசைக்காக வளர்த்த இடம் அது. 1990-இல் தீ அதனை உண்டது. ஆண்டுகள் சில கழிந்த பின் மீண்டும் எழுந்தது. இன்று ஏறத்தாழ 2,700-க்கு மேற்பட்டோர் அமரும் அம்மண்டபத்தில் இந்துஸ்தானி மேதைகள் வந்து வாசிக்காத ஆண்டு உண்டோ? 2000 பிப்ரவரி 3-ஆம் நாள் மறைந்த தபலா மேதை அல்லா ரக்காவின் நினைவு நாளை, அவர் மைந்தர் சாகிர் உசேன் விடியற்காலை தொடங்கி இரவு வரை அங்கேயே இசையால் போற்றி வந்தார். 2024 டிசம்பரில் அவரும் மறைந்தார். தந்தைக்கு மகன் செய்த அவ்வழிபாட்டுக்கு நம்மவர் கட்டிய மேடை இடம் தந்தது. பிறர் நம் மேடைக்கு வந்தனர். நாம் மட்டும் அவர்கள் மேடைக்குப் போகாதிருப்பது முறையாகுமா?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இதைக் கேட்டுச் சில பெரியவர்கள் நம்மைக் கடிந்து கொள்ளக்கூடும். பாந்திரா-குர்லா வளாகத்தின் எல்லையில் மித்தி ஆறு ஓடுகிறது. அதற்கு அக்கரையில் தாராவி. நெல்லைச் சீமையிலிருந்து வந்தவர்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் இடம். பொங்கலன்று தொண்ணூறு அடிச் சாலையில் வரிசையாய்ப் பானை ஏற்றுபவர்கள் அவர்களே. அத்தெருக்களில் இளைஞர்கள் ராப் என்னும் தாளப் பேச்சிசையைத் தமிழிலும் இந்தியிலும் கட்டி முழங்குகின்றனர். அவர்களுள் 'டோப்படெலிக்ஸ்' என்னும் குழுவினர் 2018-இல் வெளிவந்த 'காலா' திரைப்படத்தின் பாடல்களில் பங்கு பெற்றனர். சொல்லைத் தாளத்தில் நிறுத்தும் அவர்தம் திறம், கொன்னக்கோல் கேட்டுப் பழகிய செவிக்கு அயலானது அன்று. ஆற்றுக்கு இக்கரையில் 2,000 இருக்கைகள், அக்கரையில் இத்துணைக் குரல்கள். அந்த ஆற்றைக் கடப்பதற்கு நம் சங்கம் என்ன செய்யப் போகிறது? அடுத்த பொங்கல் விழாவில் வழக்கமான வாய்ப்பாட்டுக்குப் பின் அரை மணி நேரம் அவர்களுக்கு ஒதுக்க வேண்டும் என்று செயற்குழுவின் முன் வைத்திருக்கிறோம். முடிவு இன்னும் ஆகவில்லை.

போக்குவரத்துக் கவலை முன்போல் இல்லை. நிலத்தடி இரயிலின் மூன்றாம் தடம் 2024 அக்டோபரில் பாந்திரா-குர்லா வளாகம் வரையும், 2025 அக்டோபரில் கஃப் பரேடு வரையும் திறக்கப்பட்டது. ஆகவே புதிய மையமும் நாரிமன் முனை அரங்குகளும் ஒரே தடத்தின் அருகே அமைந்துவிட்டன. ஆனால் ஒன்று: நிலத்தடி வண்டி இரவில் முன்னதாகவே நின்றுவிடும், புறநகர் மின்வண்டிதான் நள்ளிரவு கடந்தும் ஓடும். இரவு எட்டு மணிக்குத் தொடங்கும் நிகழ்ச்சியென்றால், திரும்பும் வண்டியைப் பார்த்துக் கொண்டு சீட்டு எடுப்பதே குடும்பத்தாருக்கு நலம். இறுதிப் பாட்டை இழப்பதினும் பிற்பகல் காட்சியைத் தேர்வது மேல்.

சனவரி, பிப்ரவரி இசைக்கு உகந்த திங்கள்கள். கட்டணம் தர இயலாதோர்க்குக் காலா கோடா கலைவிழாவின் நிகழ்ச்சிகள் கட்டணமின்றியே கிடைக்கின்றன. சங்கத்தின் சார்பில் முதற்கண் டாட்டா அரங்குக்கும், பின்னர் புதிய மையத்தின் சிற்றரங்குக்கும் குழுவாகச் செல்லக் கருதியுள்ளோம். வர விரும்பும் அன்பர்கள் வரும் ஞாயிறு வாசகசாலையில் பெயர் பதிந்து கொள்க. பிள்ளைகளின் வயதையும் குறிப்பிட மறவாதீர். சில நிகழ்ச்சிகளுக்குச் சிறுவரை அனுமதிப்பதில்லை.