விளம்பரத்தில் சிரிக்கும் கொழுந்துப் பெண்

அமெரிக்கர் வாழ்ந்த விதத்தை அறிய அந்நாட்டுப் பழைய சஞ்சிகைகளைப் புரட்டினால் போதும் என்பார்கள். அட்டைப்பட ஓவியம், கதை, கருத்துரை எல்லாம் அவற்றில் உண்டு. விளம்பரங்களும் உண்டு. அந்த விளம்பரங்களில் எமது மலைநாட்டுப் பெண்ணும் இருக்கிறாள் என்பது பலருக்குத் தெரியாது.

1890இல் இலங்கையில் தேயிலைத் தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டன், கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்ணின் உருவத்தைத் தனது விளம்பரங்களில் போட்டார். சேலை, வளையல், கூடை, புன்னகை. கடல் கடந்த நாடுகளில் தேநீர் குடித்தவர்கள் இவளை இப்படித்தான் கண்டார்கள்.

கண்டிக்கு அருகே ஒரு தோட்டத்து லயத்தில் வளர்ந்தவள் நான். என் அம்மா மலைக்குப் போகும்போது இடுப்பில் படங்கு கட்டுவார். தலையில் கொங்காணி. கூடைக் கயிறு நெற்றியை இறுக்கும். மழை நாளில் காலெல்லாம் அட்டை. கொழுந்து நிறுக்கும் நேரத்தில் சிரித்த முகத்தை நான் கண்டதில்லை. றாத்தல் குறைந்தால் அரைப்பேர்தான் விழும். அரைப்பேர் என்றால் அரை நாட் சம்பளம்!

விளம்பரம் சொல்லாததை எமது எழுத்தாளர்கள் சொன்னார்கள். நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மை, தொழிலாளரின் துயரைப் பாட்டாக்கித் தோட்டம் தோட்டமாகப் பாடினார். 1940இல் அப்பாடல்கள் அச்சிலும் வந்தன. படிக்கத் தெரியாத பெண்களுக்குப் பாட்டுத்தான் பத்திரிகை. பூண்டுலோயா மடக்கும்புரைத் தோட்டத்தில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை கவிதையும் நாவலும் எழுதியதோடு நாட்டார் பாடல்களையும் சேகரித்தார். 1960களில் கண்டியிலிருந்தே 'மலைமுரசு' என்ற சஞ்சிகை வெளிவந்தது. என்.எஸ்.எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' சிறுகதைத் தொகுதி 1980இல் நூலாகியது. அந்தத் தலைப்பே எனக்குப் பிடிக்கும். விளம்பரத்தில் அழகுக்காக இருந்த கூடை இங்கே உழைப்பின் கணக்காக மாறிவிடுகிறது.

ஆணுக்குச் சமமான நாட்சம்பளம் தோட்டத்துப் பெண்ணுக்கு 1984இல்தான் கிடைத்தது. எந்த விளம்பரம் இதைச் சொல்லியிருக்கும்?

1977, 1983 வன்செயல்களில் அடிபட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போன மலையகக் குடும்பங்கள் அநேகம். 2009இல் முடிந்த யுத்தம் அவர்களை அங்கேயும் விடவில்லை. அப்படிப் போய், எல்லாம் இழந்து திரும்பிய ஒரு அக்கா இப்போது எங்கள் பக்கத்து வீட்டில் இருக்கிறார். முகாமில் அவரைப் படம் பிடித்தவர்கள் பெயரைக்கூடக் கேட்கவில்லையாம். பின்னர் ஓர் அறிக்கையில் அந்தப் படத்தைக் கண்டிருக்கிறார். கீழே 'பாதிக்கப்பட்ட பெண்' என்று மட்டும் இருந்ததாம். "நான் அண்டைக்கு அழேல்லை. புகை அடிச்சுக் கண் கலங்கினது. அதைத்தான் எடுத்திருக்கினம்" என்றார்.

இதை வாசிக்கும் சகோதரிகளில் எத்தனை பேருடைய படம் இப்படி எங்கெங்கோ இருக்கிறதோ! படம் எடுக்க வருபவரிடம் "எதற்கு, எங்கே போடுவீர்கள், கீழே என்ன எழுதுவீர்கள்?" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. வேண்டாம் என்று சொல்லவும் உரிமை உண்டு.

அக்காவிடம் ஒரு கொப்பி கொடுத்திருக்கிறேன். முதற் பக்கத்தில் தன் பெயரையும், பிறந்த தோட்டத்தின் பெயரையும், தன் அம்மா ஒரு நாளில் எடுத்த ஆகக்கூடிய றாத்தலையும் எழுதியிருக்கிறார்.