ஓவிய வீட்டில் ஓர் இரவு

சென்ற காலாண்டு விடுமுறையில் எங்கள் வரலாற்றுக் கழக மாணவியர் பன்னிருவர், அருட்சகோதரியர் இருவருடன் புதுச்சேரி சென்றிருந்தோம். தங்கியது தமிழர் பகுதியில், பழைய மாடி வீடு ஒன்றைச் சீர்செய்து நடத்தும் சிறு விடுதியில். எங்கள் தோழி ஒருத்தியின் தந்தை அங்கே கணக்கர். அறைகள் காலியாக இருந்த ஒரு நாளில் அவர் தயவால் இடம் கிடைத்தது. இல்லாவிட்டால் எங்கள் சுற்றுலாப் பணம் முழுவதும் ஓர் இரவிலேயே கரைந்திருக்கும்!

இத்தகைய விடுதியைப் பூட்டிக் ஹோட்டல் என்கிறார்கள். அறைகள் சிலவே, ஒன்றைப் போல் மற்றொன்று இராது. இங்கே அறைகளுக்கு எண்ணும் கிடையாது. சுவரில் உள்ள ஓவியத்தின் பெயரே அறையின் பெயர். எங்களில் நால்வருக்குக் கிடைத்தது கண்ணாடி ஓவிய அறை.

பழைய புதுச்சேரியை ஒரு கால்வாய் இரண்டாகப் பிரிக்கிறது. கடலோரம் பிரெஞ்சுக்காரர் குடியிருந்த பகுதி. மேற்கே தமிழர் பகுதி. நூல் பிடித்தாற்போல் ஓடும் தெருக்கள், 1693 முதல் 1699 வரை நகரை வைத்திருந்த டச்சுக்காரர் வகுத்த திட்டத்தின் வழி வந்தவை. 1761-இல் ஆங்கிலேயர் நகரை இடித்துத் தள்ளிய பின் மீண்டும் எழுந்த ஊர் இது. நாங்கள் தங்கிய வீட்டின் கீழ்த்தளத்தில் திண்ணை, தாழ்வாரம், முற்றம். மாடியிலோ பிரெஞ்சு முறையில் வளைவுச் சன்னல்கள். இவ்வூரில் இப்படி இரு முறையும் கலந்த வீடுகள் பல உண்டு.

எங்கள் அறையில் வெண்ணெய்க் குடத்துடன் கண்ணன் இருந்தான். சட்டத்தின் பின்புறம் தூசி படிந்திருக்கக் கண்டு, ஒருத்தி ஈரக் கைக்குட்டையுடன் சென்றாள். துப்புரவு செய்யும் அம்மா ஓடிவந்து தடுத்தார்.

“வேண்டாம் பாப்பா! சாயமெல்லாம் பின்னாலதான் இருக்கு. ஈரம் பட்டா மூக்கு போயிடும்!”

அவர் சொன்னது முழு உண்மை. கண்ணாடி ஓவியத்தைக் கண்ணாடியின் பின்புறம் தீட்டுகிறார்கள். நாம் முன்புறமிருந்து பார்க்கிறோம். ஆகவே எல்லாமே தலைகீழ் வரிசை. சாதாரணப் படத்தில் கடைசியாக வைக்கும் கண்ணின் கருமணியும் நகையின் கோடும் இங்கே முதலில் வரவேண்டும். அதன்மேல் உடலின் நிறம், அப்புறம் ஆடை, எல்லாவற்றுக்கும் கடைசியில் பின்னணி. வலம் இடமாகும், எழுத்தைக்கூடத் திருப்பித்தான் எழுதவேண்டும். வண்ணம் பூசியபின் கருமணி சரியில்லை என்று தோன்றினால் திருத்த வழியில்லை. நகை மின்ன, சிறு இடங்களை வெறுமையாய் விட்டு, பின்னால் தங்கநிறத் தாளை ஒட்டுவதும் உண்டு. வழவழப்பான கண்ணாடியில் சாயம் ஆழமாகப் பற்றுவதில்லை. ஈரக் காற்றில் மெல்ல உரிந்துவிடும். கடலோர ஊரில் இது பெரும் தொல்லை.

சுவருக்கும் அதே தொல்லைதான். பழைய சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டவை. சுண்ணாம்பு உள்ளே ஏறிய ஈரத்தை வெளியே விடும். அதன்மேல் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, சுவர் பொரிந்துவிடும். மறுநாள் காலைத் திருப்பலிக்கு, 1855-இல் கட்டிய சம்மனசுகளின் இராக்கினி ஆலயத்துக்குச் சென்றோம். சலவைக்கல் போன்ற அதன் மெருகுக்குச் சுண்ணாம்புடன் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்தார்கள் என்று சொல்வார்கள்.

வீடு ஏன் விடுதியானது என்று கணக்கரிடம் கேட்டோம். பங்காளிகள் பலர், வெளியூரில் வேலை, மழைதோறும் ஒழுக்கு. விற்றால் வாங்குபவர் இடித்துவிடுவார். அறை வாடகையே இப்போது ஓட்டை மாற்றுகிறது, கொத்தனாருக்கும் தச்சருக்கும் கூலி தருகிறது. அந்தத் தெருவார் யாரும் இங்கே ஓர் இரவு தங்க முடியாது என்பது எங்களுக்கு உறுத்தலாகத்தான் இருந்தது. ஆனால் பராமரிப்பு தவறினால் என்ன ஆகும் என்பதையும் இவ்வூர் கண்டிருக்கிறது. கடற்கரையில் இருந்த பழைய நகராட்சிக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. இப்போது நிற்பது அதே சாயலில் புதிதாய்க் கட்டியது. மாறாக, வீட்டுக்காரர்களும் சேர்ந்து முகப்புகளைச் சீர்செய்த வைசியாள் வீதிக்கு 2008-இல் யுனெஸ்கோ விருது கிடைத்தது.

எங்கள் விடுதிக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு காலிமனை. செதுக்கு வேலைப்பாடுள்ள நிலைக்கதவு ஒன்று, வீடில்லாமல் மதிற்சுவரில் சாய்ந்திருந்தது. அருட்சகோதரி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் நடந்தார்.

பள்ளி திரும்பியதும் உடைந்த படச்சட்டத்தின் கண்ணாடியில் நாங்களும் ஒரு மாதா படம் தீட்டினோம். முகம் ஓரளவு வந்தது. கீழே எழுதிய பள்ளியின் பெயரைத் திருப்பி எழுத மறந்துவிட்டோம். ஓவிய அறையில் மாட்டியிருக்கிறது. படிக்க விரும்புவோர் எதிரே ஒரு கண்ணாடியைப் பிடித்துப் படிக்கலாம்.