கம்பெனி மாறலாம், நம்பர் மாறக் கூடாது



பாஸ்புக், தீர்மான நோட்டு மாதிரி நம்ம செல்போன் நம்பரும் இன்றைக்கு ஒரு சொத்து. கடலை மிட்டாய் போடும் உறுப்பினருக்கு ஆர்டர் வாட்ஸ்அப்பில் வருகிறது. உளுந்து, மக்காச்சோளம் விற்ற காசு கணக்கில் ஏறிவிட்டது என்று எஸ்.எம்.எஸ். சொல்கிறது. தையல் கடையிலும் பெட்டிக் கடையிலும் கியூ.ஆர். அட்டை தொங்குகிறது. வங்கி அனுப்பும் ஓ.டி.பி.யும் அதே நம்பருக்குத்தான் வருகிறது.

அந்த நம்பரைக் கொடுத்த கம்பெனி திடீரென்று மூடினால் என்ன ஆகும்? இரண்டு கம்பெனி ஒன்றாகச் சேர்ந்தால் நமக்கு லாபமா, நஷ்டமா? இந்த மாதம் அதைப் பார்ப்போம்.

ஏழெட்டு கம்பெனி நாலாகச் சுருங்கியது எப்படி?

2010 வாக்கில் நம்ம ஊர்க் கடைகளில் எத்தனை சிம் இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். பி.எஸ்.என்.எல்., ஏர்செல், ஏர்டெல், வோடஃபோன், ஐடியா, ரிலையன்ஸ், டாடா டோகோமோ என்று வரிசையாகத் தொங்கும். 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ வந்தது. முதல் சில மாதங்கள் பேச்சும் நெட்டும் இலவசம் என்றது. போட்டிக்கு மற்றவர்களும் விலையை இறக்கினார்கள். ஏற்கெனவே கடன் வாங்கி டவர் போட்ட கம்பெனிகளால் தாக்குப்பிடிக்க முடியவில்லை.

2017 கடைசியில் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் செல்போன் சேவையை நிறுத்தியது. 2018-ல் ஏர்செல் திவாலானது. அதே ஆண்டு ஆகஸ்ட் 31 அன்று வோடஃபோனும் ஐடியாவும் இணைந்தன. அதுதான் இப்போதைய 'வி'. டாடாவின் செல்போன் வாடிக்கையாளர்கள் 2019-ல் ஏர்டெல்லுக்குப் போனார்கள். மிஞ்சியது ஜியோ, ஏர்டெல், வி, அரசின் பி.எஸ்.என்.எல். ஆகிய நாலுதான்.

ஏர்செல்லில் நடந்தது என்ன?

ஏர்செல் 1999-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய கம்பெனி. சென்னை கிரிக்கெட் அணியின் மஞ்சள் சட்டையில்கூட அதன் பெயர் இருந்தது. கடன் 15,000 கோடி ரூபாய்க்கு மேல் ஏறியது. ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸோடு சேரும் பேச்சும் 2017 அக்டோபரில் முறிந்தது. டவர்க்காரர்களுக்குப் பணம் பாக்கி விழுந்ததால் டவர்கள் ஒவ்வொன்றாக நின்றன. 2018 பிப்ரவரியில் தமிழ்நாடு முழுக்க சிக்னல் போனது. அந்த மாதம் 28-ம் தேதி திவால் மனு போட்டார்கள்.

வேறு கம்பெனிக்கு மாற வேண்டுமென்றால் முதலில் ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்ப வேண்டும். சிக்னலே இல்லாதபோது எஸ்.எம்.எஸ். எப்படிப் போகும்? ஜனங்கள் ஏர்செல் அலுவலகங்களில் கூட்டமாக நின்றார்கள். மாற முடியாதவர்கள் பழைய நம்பரையே விட்டார்கள். இதில் நமக்குப் பாடம் ஒன்று இருக்கிறது. சிக்னல் அடிக்கடி போகிறது என்றால், முழுசாகப் போகும் வரை காத்திருக்கக் கூடாது.

ஆள் குறைந்தால் விலை என்ன ஆகும்?

பருத்தி வாங்க வியாபாரிகள் குறைந்தால் நமக்கு விலை இறங்குகிறது இல்லையா? இங்கே விற்கிறவர்கள் குறைந்ததால் விலை ஏறுகிறது. 2019 டிசம்பர், 2021 நவம்பர், 2024 ஜூலை என்று மூன்று தடவை தனியார் கம்பெனிகள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் கட்டணத்தை உயர்த்தின. 2024-ல் ஜியோவின் 239 ரூபாய் திட்டம் 299 ஆனது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 'மாத ரீசார்ஜ்' என்று நாம் சொல்வது 28 நாள்தான். அப்படிப் போட்டால் வருடத்துக்கு 12 தடவை இல்லை, 13 தடவை. 299 ரூபாய் திட்டத்துக்கு வருடத்துக்கு 3,887 ரூபாய் ஆகிறது. குழுவில் 15 பேர் என்றால் 58,305 ரூபாய். சேமிப்புச் சந்தாவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்!

30 நாள் திட்டமும், மாதாமாதம் அதே தேதியில் புதுப்பிக்கும் திட்டமும் குறைந்தது ஒவ்வொன்று வைக்க வேண்டும் என்று டிராய் எனும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2022 ஜனவரியில் விதி போட்டது. நெட் இல்லாமல் பேசவும் எஸ்.எம்.எஸ். அனுப்பவும் மட்டும் தனித் திட்டம் வேண்டும் என்று 2024 டிசம்பரில் சொன்னது. பட்டன் போன் வைத்திருக்கும் பெரியவர்கள் நெட்டுக்கும் சேர்த்துப் பணம் கட்ட வேண்டியதில்லை. கடையில் கேட்டு வாங்குங்கள்.

நம்பரோடு மாறுவது எப்படி?

இந்த உரிமை 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுக்க இருக்கிறது.

1. ஆங்கிலத்தில் 'போர்ட்' என்று அடித்து, ஓர் இடம் விட்டு, உங்கள் 10 இலக்க நம்பரைப் போட்டு 1900-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள்.
2. 8 எழுத்துள்ள ஒரு குறியீடு வரும். அது நாலு நாள்தான் செல்லும். யார் போனில் கேட்டாலும் சொல்லாதீர்கள்.
3. ஆதாரோடு புதிய கம்பெனியின் கடைக்குப் போய் மனுக் கொடுத்து சிம் வாங்குங்கள்.
4. மாறும் நேரத்தில் சிறிது நேரம் போன் வேலை செய்யாது. கடன் பட்டுவாடா நாளில் இதை வைத்துக்கொள்ளாதீர்கள்.

இப்போதைய கம்பெனியில் 90 நாள் ஆகியிருக்க வேண்டும். புது சிம் மாற்றி வாங்கியிருந்தால் 7 நாள் பொறுக்க வேண்டும். மீதமிருக்கும் பேலன்ஸ் கூட வராது.

அடுத்த கூட்டத்தில் இவற்றைப் பேசுங்கள்

சிம் யார் பெயரில் இருக்கிறது? வீட்டுக்காரர் பெயரிலோ கடைக்காரர் பெயரிலோ இருந்தால் நம்பரை மாற்றும் உரிமையும் அவருக்குத்தான். தொழில் செய்யும் நம்பர் உங்கள் பெயரில் இருக்கட்டும்.

வங்கியில் கொடுத்த நம்பர் இப்போதும் ஓடுகிறதா? நின்றுபோன நம்பரை 90 நாளுக்குப் பிறகு வேறு ஆளுக்குக் கொடுக்கலாம். அப்புறம் உங்கள் கணக்கின் செய்தி அவருக்குப் போகும். ஊக்குநர், பிரதிநிதிகள் மாறியிருந்தால் குழுக் கணக்கின் நம்பரையும் எழுதிக் கொடுத்து மாற்றுங்கள்.

குழுவின் இரண்டு பிரதிநிதிகளும் ஒரே கம்பெனி சிம் வைத்திருக்கிறார்களா? ஒருவர் வேறு கம்பெனி வைத்துக்கொண்டால் ஒரு டவர் நின்றாலும் வேலை நிற்காது. விளாத்திகுளம் பக்கம் நன்றாக எடுப்பது கயத்தாறு பக்கம் எடுக்காமல் போகலாம். விளம்பரத்தைப் பார்க்காமல் உங்கள் வீட்டிலும் தொழில் செய்யும் இடத்திலும் எது எடுக்கிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

கம்பெனிகள் சேருவதையும் பிரிவதையும் நாம் தடுக்க முடியாது. நம்பரை நம் பெயரில், நம் கையில் வைத்துக்கொள்ள முடியும். வங்கியில் நம்பர் மாற்றும் மனு எழுதத் தெரியாதவர்கள் பாஸ்புக்கோடு கூட்டமைப்பு அலுவலகத்துக்கு வாங்க, சேர்ந்து எழுதுவோம்.