மடிக்கணினியில் வைஃபை காணவில்லை என்றால்

மடிக்கணினியில் வைஃபை வரவில்லை என்ற ஒரே புகாருக்குள் மூன்று வேறு கோளாறுகள் இருக்கலாம். முதலாவது, திரையின் கீழ் வலது மூலையில் இருக்க வேண்டிய வைஃபை குறியே இல்லாமல் போவது. இரண்டாவதில் குறி இருக்கும், அக்கம்பக்கத்து வீடுகளின் வைஃபை பெயர்களும் வரிசையாகத் தெரியும், சொந்த ரவுட்டரின் பெயர் மட்டும் வராது. மூன்றாவதில் இணைந்துவிட்டதாகக் காட்டும், ஆனால் ஒரு பக்கமும் திறக்காது. முதல் கோளாறு மடிக்கணினிக்குள் இருக்கிறது. இரண்டாவது பெரும்பாலும் மடிக்கணினிக்கும் ரவுட்டருக்கும் நடுவில் இருக்கிறது. மூன்றாவது அநேகமாக ரவுட்டருக்கு அப்பால் இருக்கிறது. எந்த இடத்தில் அறுந்தது என்று பார்க்காமலே விண்டோஸை அழித்துப் புதிதாகப் போடுவதும், மதர்போர்டு போய்விட்டது என்ற பேச்சை நம்பிப் பணம் கட்டுவதும்தான் இந்த விஷயத்தில் நடக்கும் பெரிய இழப்பு.

இடத்தைக் கண்டுபிடிக்கக் கைபேசி போதும். கைபேசியில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு அதே வைஃபையில் இணைத்துப் பார்க்க வேண்டும். டேட்டாவை அணைக்க மறந்தால், வைஃபை வேலை செய்யாதபோதும் கைபேசி சத்தமில்லாமல் டேட்டாவுக்கு மாறிக்கொள்ளும், சோதனை பொய்யாகிவிடும். கைபேசியில் இணையம் வந்தால் கோளாறு மடிக்கணினியின் பக்கம், அல்லது அதற்கும் ரவுட்டருக்கும் நடுவில். அதிலும் வராவிட்டால் மடிக்கணினியைத் தொடவே வேண்டாம்.

வேலூர், ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டி நீளும் தோல் வட்டாரத்தில் இந்தச் சின்னக் கோளாறு பெரிய வேலைகளை நிறுத்திவிடும். ஷூ கம்பெனி அலுவலகத்தில் ஏற்றுமதிக்கான ஷிப்பிங் பில்லைச் சுங்கத் துறையின் ஐஸ்கேட் தளத்தில் ஏற்ற வேண்டியிருக்கும். டிஜிட்டல் கையொப்பத்துக்கான யூஎஸ்பி டோக்கன் மடிக்கணினியில் செருகியிருக்கும். அந்த வேலையைக் கைபேசிக்கு மாற்றிவிட முடியாது. லாரி புறப்படும் முன் இ-வே பில் எடுத்தாக வேண்டும். ஜிஎஸ்டி கணக்குக்கு மாதத்தின் 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் கெடு. இந்த நாட்களில் வைஃபை குறி மறைந்தால் பதற்றத்தில் எல்லாப் பொத்தானையும் அழுத்திப் பார்ப்பார்கள். அதனாலேயே சிறு கோளாறு சிக்கலாகிவிடும்.

குறியே காணவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது ஏரோபிளேன் மோட். விசைப்பலகையின் மேல் வரிசையில் விமானப் படமோ கோபுரப் படமோ போட்ட விசை ஒன்று இருக்கும். துடைக்கும்போதோ குழந்தைகள் கை பட்டோ அது அழுந்தியிருக்கலாம். சில கணினிகளில் எஃப்என் விசையோடு சேர்த்து அழுத்தினால்தான் அது வேலை செய்யும். பழைய மாடல்கள் சிலவற்றில் பக்கவாட்டில் தனி ஸ்விட்சே இருக்கும். அது அணைந்திருந்தால் மென்பொருளில் என்ன செய்தாலும் வைஃபை வராது.

அடுத்தது ரீஸ்டார்ட். மாலையில் அணைத்து, காலையில் போட்டும் வரவில்லை என்று பலர் சொல்வார்கள். 2012-இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து அணைப்பது என்பது முழு அணைப்பு அல்ல. அடுத்த முறை சீக்கிரம் எழுவதற்காக விண்டோஸ் தன் மையப் பகுதியின் நிலையை டிஸ்க்கில் எழுதி வைத்துக்கொள்கிறது. மாட்டிக்கொண்ட டிரைவரும் (சாதனத்தை இயக்கும் மென்பொருள்) அப்படியே மறுநாள் காலை திரும்பி வருகிறது. ரீஸ்டார்ட் கொடுத்தால் மட்டுமே எல்லாம் புதிதாகத் தொடங்கும். அதற்கும் அசையாவிட்டால் கணினியை அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரி கழற்றக்கூடியதாக இருந்தால் அதையும் எடுத்து, பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். உள்ளே தங்கியிருக்கும் மின்சாரம் வடிந்து வைஃபை அட்டை புதிதாக எழும். சில நேரம் இதுவே பலன் தரும்.

இதற்குப் பிறகுதான் டிவைஸ் மேனேஜர். ஸ்டார்ட் பொத்தானில் வலது கிளிக் செய்தால் அந்தப் பெயர் வரும். உள்ளே நெட்வொர்க் அடாப்டர்ஸ் என்ற தலைப்பை விரித்தால், வயர்லெஸ் அல்லது வைஃபை என்ற சொல் உள்ள வரி ஒன்று இருக்க வேண்டும். அந்த வரியில் கீழ்நோக்கிய அம்பு இருந்தால் அட்டையை யாரோ அணைத்து வைத்திருக்கிறார்கள். வலது கிளிக் செய்து எனேபிள் கொடுத்தால் முடிந்தது. மஞ்சள் முக்கோணம் இருந்தால் பெரும்பாலும் டிரைவர் கெட்டிருக்கிறது. வரியே இல்லாமல், பெயர் தெரியாத சாதனம் ஒன்று மஞ்சள் குறியோடு தனியாக நின்றால், டிரைவரே போடப்படவில்லை. ஒன்றுமே இல்லை என்றால் அட்டை கணினிக்குத் தெரியவே இல்லை. அது வன்பொருள் கோளாறாக இருக்க வாய்ப்பு அதிகம்.

டிரைவர் இல்லாமல் போவது ஃபார்மேட் செய்து கொண்டுவந்த கணினிகளில் சாதாரணம். விண்டோஸைப் போட்டுக் கொடுத்தவர் வைஃபை டிரைவரைப் போட மறந்திருப்பார். டிரைவர் இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு டிரைவர் வேண்டும் என்ற முட்டுச்சந்தில் பலர் நின்றுவிடுகிறார்கள். வழி மிக எளிது. கைபேசியைச் சார்ஜர் கேபிளால் மடிக்கணினியில் செருகி, ஹாட்ஸ்பாட் அமைப்பில் யூஎஸ்பி டெதரிங் என்பதைப் போட்டால், கம்பி வழி இணைப்பு வந்ததாகக் கணினி எடுத்துக்கொள்ளும். ஆண்ட்ராய்டு கைபேசிகளுக்கு இதற்குத் தனி டிரைவர் தேவைப்படுவதில்லை. அவசரமான ஷிப்பிங் பில்லை இந்த வழியிலேயே முதலில் அனுப்பிவிட்டு, பிறகு நிதானமாகக் கோளாறைப் பார்க்கலாம். டிரைவரை மடிக்கணினியைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில், அடிப்பக்க ஸ்டிக்கரில் உள்ள மாடல் எண்ணைக் கொடுத்து எடுப்பதே சரி. எல்லா டிரைவரையும் தானே தேடித் தரும் என்று விளம்பரம் செய்யும் இலவச மென்பொருள்களை நம்பி இறக்கினால் வேண்டாதவையும் கூடவே வந்து உட்காரும்.

நேற்றுவரை ஓடியது, விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு நின்றது என்றால் புதிய டிரைவர்தான் சந்தேகத்துக்குரியது. அடாப்டர் வரியில் இருமுறை கிளிக் செய்து, டிரைவர் பகுதியில் ரோல் பேக் கொடுத்தால் பழையது திரும்பும். அதே இடத்தில் பவர் மேனேஜ்மென்ட் பகுதி இருந்தால், மின்சாரத்தை மிச்சப்படுத்த இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற வரியின் டிக்கை எடுத்துவிடுவது நல்லது. மூடித் திறந்ததும் வைஃபை மறையும் கணினிகளில் காரணம் பல முறை இந்த ஒற்றை டிக்தான். சர்வீசஸ் பட்டியலில் டபிள்யூலேன் ஆட்டோகான்ஃபிக் என்ற சேவை நின்றிருந்தாலும் குறி மறையும். அதை ஆட்டோமேட்டிக் என்று மாற்றி ஓடவிட வேண்டும். எதுவும் பலிக்காவிட்டால் கடைசியாக நெட்வொர்க் ரீசெட். சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகளும் விபிஎன் அமைப்புகளும் அதில் அழிந்துபோகும். எழுதி வைத்துக்கொள்ளாமல் அதைத் தொடக் கூடாது.

மென்பொருளா வன்பொருளா என்ற கேள்விக்கு பெரும்பாலும் தெளிவான விடை தரும் சோதனை ஒன்று உண்டு. வேறொரு இயங்குதளத்தில் அதே கணினியை ஓடவிட்டுப் பார்ப்பது. தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய திட்டத்தில் மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு, மத்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அந்த இரண்டாவது இயங்குதளம் பயன்படாத ஒன்று என்றே பலர் நினைத்தார்கள். வைஃபை மறைந்த நாளில் அது கைகொடுக்கும்: பாஸில் வைஃபை வந்து விண்டோஸில் வராவிட்டால் அட்டை நன்றாகவே இருக்கிறது. இரண்டாவது இயங்குதளம் இல்லாதவர்கள் உபுண்டு லினக்ஸை யூஎஸ்பி டிரைவில் ஏற்றி, டிஸ்க்கில் எதையும் அழிக்காமல் அதிலிருந்தே இயக்கிப் பார்க்கலாம். லினக்ஸிலும் அட்டை தெரியவில்லை என்றால் திருப்புளியை எடுக்க வேண்டியதுதான்.

வைஃபை அட்டை தீப்பெட்டியைவிடச் சிறியது. ஒரு திருகால் பிடிக்கப்பட்டிருக்கும். அதிலிருந்து இரண்டு மெல்லிய ஆன்டெனா கம்பிகள், பெரும்பாலும் ஒன்று கருப்பு, ஒன்று வெள்ளை, கீல் வழியாக ஏறித் திரையின் ஓரத்துக்குப் போகும். கீல் உடைந்த மடிக்கணினியில் இந்தக் கம்பி நசுங்கி அறுவது உண்டு. அப்போது அட்டை பட்டியலில் தெரியும், ஆனால் ரவுட்டருக்குப் பக்கத்தில் போனால்தான் சிக்னல் கிடைக்கும். அட்டை முழுக்க மறைந்தால், அது செருகியிருக்கும் இடத்தில் தொடர்பு விட்டிருக்கலாம்.

தோல் வட்டாரத்துக்கு இதில் ஒரு தனிக் காரணம் இருக்கிறது. பச்சைத்தோலில் ரோமம் நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்க்கிறார்கள். அந்தக் கழிவு அமிலத்தோடு கலக்கும்போது அழுகிய முட்டை வாடையுள்ள ஹைட்ரஜன் சல்பைடு வாயு எழுகிறது. மனித உயிருக்கே ஆபத்தான இந்த வாயு, மிகக் குறைந்த அளவில் இருந்தாலும் செம்பையும் வெள்ளியையும் மெல்லக் கருக்கும். மின்னணுச் சாதனங்களின் தொடர்புப் பட்டைகளில் இந்த உலோகங்களும் இருக்கின்றன. ஈரப்பதம் சேர்ந்தால் அரிப்பு விரைவாகும். தோல் பதனிடும் ஆலையான டேனரியின் ஈர வேலை நடக்கும் பகுதியை ஒட்டிய அறையில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் மடிக்கணினியும் ரவுட்டரும் காரணமில்லாமல் பழுதாவதுபோல் தோன்றினால், திறந்து பார்த்துக் கருமை படிந்திருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். கணினியை முழுக்க அணைத்து, பேட்டரி இணைப்பை எடுத்த பிறகு அட்டையைக் கழற்றி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் முனைகளைத் துடைத்து மீண்டும் செருகினால் பல அட்டைகள் உயிர்பெறும். தண்ணீரோ சேண்ட்பேப்பரோ கூடவே கூடாது. அலுவலக அறையை ஈர வேலைப் பகுதியிலிருந்து தள்ளி வைப்பது, அங்கு உட்காரும் மனிதருக்கும் கணினிக்கும் ஒருசேர நல்லது. அட்டை போயே போய்விட்டாலும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யூஎஸ்பி வைஃபை அடாப்டர் ஒன்றைச் செருகினால் வேலை நடக்கும். அதற்காக மதர்போர்டை மாற்றச் சொன்னால் ஒப்புக்கொள்ளத் தேவையில்லை.

குறி இருந்து, சொந்தப் பெயர் மட்டும் தெரியாத இரண்டாவது கோளாறுக்கு அலைவரிசையே பெரும்பாலும் காரணம். இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை உரிமமின்றி வைஃபைக்குப் பயன்படுத்த 2005 ஜனவரியில் அரசு வழிவிட்டது. 5 கிகாஹெர்ட்ஸில் கூடுதல் இடம் 2018-இல் திறந்துவிடப்பட்டது. புதிய ரவுட்டர்கள் இரண்டிலும் சிக்னல் அனுப்பும். பழைய மடிக்கணினிகள் பலவற்றுக்கு 2.4 மட்டுமே தெரியும். ரவுட்டரில் 5 மட்டும் ஓடிக்கொண்டிருந்தால் கைபேசிக்குப் பெயர் தெரியும், மடிக்கணினிக்குத் தெரியாது. 2.4-க்குள்ளும் ஒரு சிக்கல் உண்டு. இங்கே 13 சேனல்கள். அமெரிக்காவில் வழக்கமாக 11. அமெரிக்க விதிப்படி அமைந்த அட்டை 12, 13 ஆகிய சேனல்களைக் கேட்கவே கேட்காது. ரவுட்டரின் அமைப்பில் சேனலை 1, 6, 11 என்ற மூன்றில் ஒன்றாக வைத்துவிட்டால் இந்தத் தொல்லை ஒழியும். பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தால், பெயர் தெரிந்தாலும் பழைய அட்டையால் இணைய முடியாது. டபிள்யூபிஏ2-வும் சேர்ந்த கலப்பு முறைக்கு மாற்ற வேண்டும்.

தடுப்புகளும் முக்கியம். இரும்பு அலைகளைத் திருப்பி அனுப்புகிறது, தண்ணீர் உறிஞ்சிக்கொள்கிறது. டேனரியில் இரண்டும் நிறைய இருக்கின்றன: தகரக் கூரை, இரும்பு ரேக்குகள், தண்ணீரும் தோலும் நிறைந்து சுழலும் பெரிய டிரம்கள். நடுவில் இவை நின்றால் எவ்வளவு விலையுயர்ந்த ரவுட்டரானாலும் அந்தப் பக்கம் எட்டாது. கேபிள் இழுத்து இன்னொரு அக்சஸ் பாயின்ட் வைப்பதே அங்கு தீர்வு. வீட்டில் பீரோவுக்குப் பின்னாலும் தண்ணீர் கேனுக்குப் பக்கத்திலும் ரவுட்டரை வைப்பதைத் தவிர்த்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

இணைந்தும் இணையம் வராத மூன்றாவது கோளாறில், ரவுட்டருக்குப் பக்கத்தில் உள்ள ஃபைபர் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். எல்ஓஎஸ் என்று எழுதிய அந்த விளக்கு சிவந்தால் ஃபைபர் எங்கோ அறுந்திருக்கிறது அல்லது வளைந்திருக்கிறது. இணைப்பு தந்தவரைக் கூப்பிடுவதைத் தவிர வேறு வேலை இல்லை. விளக்கு சரியாக இருந்து, கணினியின் ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் முகவரி தரவில்லை என்று பொருள். ரவுட்டரை அணைத்து ஒரு நிமிடம் கழித்துப் போட்டால் பெரும்பாலும் சரியாகும்.

வேலூர் சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றி, காந்தி ரோடு பகுதி லாட்ஜுகளில் வங்காளத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் நோயாளிகளோடு வந்தவர்கள் வாரக்கணக்கில் தங்குகிறார்கள். ஊரோடு பேசவும் பணம் வரவழைக்கவும் அவர்களுக்கு இணையம் அவசியம். லாட்ஜ் வைஃபை பலவற்றில் முதலில் ஒரு நுழைவுப் பக்கம் வந்து கைபேசி எண்ணோ கடவுச்சொல்லோ கேட்கும். அந்தப் பக்கம் தானாக வராவிட்டால் இணைந்தும் இணையம் இல்லாத நிலை. பிரவுசரில் எச்டிடிபிஎஸ் அல்லாத ஏதாவது முகவரியைத் திறந்தால் நுழைவுப் பக்கம் வந்துவிடும். விபிஎன் ஓடிக்கொண்டிருந்தால் அதை முதலில் நிறுத்த வேண்டும்.

நெடுநாள் பெட்டிக்குள் கிடந்த மடிக்கணினியில் தேதியையும் பார்க்க வேண்டும். மதர்போர்டில் உள்ள சின்ன பேட்டரி தீர்ந்தால் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் தேதியோடு ஒத்துப்போகாததால் வங்கித் தளமும் ஜிஎஸ்டி தளமும் திறக்க மறுக்கும், வைஃபை மட்டும் முழுச் சிக்னலோடு நிற்கும். தேதியைச் சரிசெய்தால் உடனே திறக்கும். அந்தச் சின்ன பேட்டரியை மாற்றும் வரை, சார்ஜ் முழுக்கத் தீரும் ஒவ்வொரு முறையும் தேதியைத் திரும்ப வைக்க வேண்டியிருக்கும்.